ஒற்றை நட்சத்திரம்

சென்ற மாரியில் ஒரு சனிக்கிழமை இரவு, நாம் வேலை செய்யும் பாரிஸ் றெஸ்ரோறன்றில் கோப்பை கழுவும் மெசின் நின்றுவிட்டது. சனிக்கிழமை என்றால் எழுபது, எண்பது பேர் சாப்பிட வரும் நாள். கோப்பை கழுவுபவர் மாலி நாட்டைச் சேர்ந்தவர், ஐம்பது வயதைத் தாண்டியவர். அவர் கொதிநீரைத் தொட்டியில் நிரப்பிக் கையாலேயே கழுவத் தொடங்கினார். நாம் வெங்காயம் வெட்டுவதை விட்டுவிட்டு மாறி மாறித் துடைத்துக் கொடுத்தோம். என்றாலும் மேசைகளுக்குச் சாப்பாடு போகச் சுணங்கியது. அடுத்த நாள் முதலாளி தன் கைத்தொலைபேசியோடு குசினிக்குள் வந்தார். யாரோ ஒருவர் எமது றெஸ்ரோறன்றுக்கு ஐந்தில் ஒரு நட்சத்திரம் இட்டு, 'மிக மெதுவானது' என்று எழுதியிருந்தார். முதலாளி அதை உரத்து வாசித்தார். அந்தக் கிழமையிலிருந்து மாலிக்காரரின் ஆறு நாள் வேலை நாலு நாளாயிற்று.

மெசின் சத்தம் போடுகிறது, திருத்துங்கள் என்று அவர் பதினைந்து நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தது எம் எல்லோருக்கும் தெரியும். நாம் வாய் திறக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து, அதே குசினியின் பின்படியில் இருந்துகொண்டு, நாம் ஒரு வீடியோ கேமுக்கு ஐந்தில் ஒரு நட்சத்திரம் இட்டோம். நாம் எழுதிய வாசகம்: 'மிக மெதுவானது. முடிவு மோசம்.' எழுதும்போது அந்தச் சொற்களை எங்கே கேட்டோம் என்பது நினைவுக்கு வரவில்லை. அன்றிரவு மெற்றோவில் போகும்போதுதான் வந்தது.

இந்தக் கட்டுரை அந்த இரண்டு நட்சத்திரங்களையும் பற்றியது. கைத்தொலைபேசியில் பொடியள் விளையாடும் விளையாட்டைப் பற்றி ஒரு சஞ்சிகையில் எழுத என்ன இருக்கிறது என்று கேட்கும் வாசகர்கள் சற்றுப் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஒன்றை நல்லது, கெட்டது என்று தீர்ப்பிடும் உரிமை எமக்கு எங்கிருந்து வருகிறது, அந்தத் தீர்ப்பு யாருடைய தலையில் போய் விழுகிறது என்பதே இங்குள்ள கேள்வி. அது பழைய கேள்விதான். எமக்கு அது இந்த வழியால் வந்து சேர்ந்தது.

நாம் என்பது மூன்று பேர். ஒருவர் எண்பதுகளில் வந்தவர். நாம் அண்ணை என்று கூப்பிடுபவர். ஒருவன் ரஷ்யா, உக்ரைன் பாதையால் ஒன்றரை வருடம் அலைந்து வந்து சேர்ந்த இளைஞன். இதை எழுதும் கை, பல்கலைக்கழகத்தில் மெய்யியலை ஒரு பாடமாக எடுத்து, இரண்டாம் வருடத்தோடு 2008 இல் விட்டுவிட்டு வந்தவருடையது. யோசித்தது மூவரும். மத்தியானச் சாப்பாடு முடிந்து இரவுச் சாப்பாடு தொடங்கும்வரை எமக்கு மூன்று மணித்தியாலம் ஓய்வு. வீட்டுக்குப் போய்வர நேரம் காணாது. எனவே பின்படியும் கைத்தொலைபேசியும்தான்.

*

நாம் நட்சத்திரம் இட்ட விளையாட்டின் பெயர் 'பெரி மீ, மை லவ்'. 'என்னைப் புதை, என் அன்பே' என்று தமிழில் சொல்லலாம். 2017 ஒக்ரோபரில் வெளிவந்தது. பிரான்சில் உள்ள 'த பிக்சல் ஹன்ற்' என்ற சிறு நிறுவனம், 'ஆர்த்தே' தொலைக்காட்சி உள்ளிட்ட சிலரோடு சேர்ந்து செய்தது. அதை முன்னின்று செய்த புளோரன் மோரன் முன்னர் பத்திரிகையாளராக இருந்தவர். சிரியாவிலிருந்து ஐரோப்பாவுக்கு வந்த ஓர் இளம்பெண் வழிநெடுகத் தன் குடும்பத்தோடு வட்ஸ்அப்பில் பரிமாறிய செய்திகளை வைத்து 2015 இல் 'லு மோந்த்' பத்திரிகை ஒரு கட்டுரை வெளியிட்டது. அதுவே இந்த விளையாட்டுக்கு வித்து. அந்தப் பெண்ணிடமும் ஆலோசனை கேட்டே செய்திருக்கிறார்கள்.

தலைப்பு, அன்பானவர்களிடம் சிரிய மக்கள் சொல்லும் ஓர் அரபுச் சொல்லிலிருந்து வருகிறது. எனக்கு முன் நீ செத்துப்போகாதே, என்னைப் புதைப்பது நீயாக இருக்கவேண்டும் என்பது அதன் உட்பொருள். இதை எமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. இளைஞன் யாழ்ப்பாணத்தில் வீட்டுப் படலையைத் தாண்டியபோது அவனுடைய அம்மா சொன்னதும் இதைத்தான்: "எனக்குக் கொள்ளி வைக்க நீ இருக்கவேணும் ராசா."

கதை இது. நூர் என்ற பெண் ஹோம்ஸ் நகரத்திலிருந்து ஐரோப்பாவை நோக்கிப் புறப்படுகிறாள். அவளுடைய கணவன் மஜ்த் ஊரில் நிற்கிறான். விளையாடுபவர் நூர் அல்ல, மஜ்த். கைத்தொலைபேசித் திரையே அவனுடைய கைத்தொலைபேசித் திரையாகிறது. அவளிடமிருந்து செய்தி வருகிறது. பதில்களில் ஒன்றை நாம் தெரிய வேண்டும். எல்லையை எங்கே கடப்பது, யாரை நம்புவது, காசை எதற்குச் செலவழிப்பது என்று அவள் கேட்பாள். எமது பதிலைக் கேட்டு நடக்கவும் நடப்பாள், கேளாமல் விடவும் விடுவாள். அவள் வழியில் இருக்கும்போது செய்தி வராது. மணித்தியாலக் கணக்காக வராது. கதைக்குப் பத்தொன்பது முடிவுகள் உண்டு.

நாம் ஒன்பது நாள் விளையாடினோம். துருக்கிக் கரையில் நின்று நூர் கேட்டபோது, படகில் ஏறு என்ற பதிலை நாம் தெரிந்தோம். மூன்று பேரும் தலையாட்டித்தான் தெரிந்தோம். பிறகு செய்தி வரவில்லை. இரவுச் சாப்பாட்டு வேலை முடிந்து பார்த்தோம், வரவில்லை. அதுதான் எமக்குக் கிடைத்த முடிவு.

அண்ணை போனைப் பறித்து ஒரு நட்சத்திரத்தை அமத்தினார். நாம் தடுக்கவில்லை, எழுத வேண்டிய வாசகத்தை நாம்தான் பிரெஞ்சில் எழுதிக் கொடுத்தோம்.

"எங்கடை அலைச்சலை வித்துக் காசாக்கிறாங்கள்" என்றார் அண்ணை. "வெள்ளைக்காரன் சோபாவிலை இருந்து விளையாடிப்போட்டு ரெண்டு சொட்டுக் கண்ணீர் விடுவான். வோட்டுப் போடேக்கை எங்களைத் துரத்துறவனுக்குத்தான் போடுவான்."

இளைஞன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னான்: "அது பிழையெண்டு சொல்ல மாட்டன் அண்ணை. ஆனா நான் லாத்வியா எல்லைக் காட்டுக்குள்ளை நாலு நாள் போன் இல்லாமல் கிடந்தனான். அம்மா அந்த நாலு நாளும் என்ன செய்தவ எண்டு நான் இண்டு வரைக்கும் கேக்கேல்லை."

*

எமது கோபம் எங்கிருந்து வந்தது என்பது அப்போதுதான் விளங்கத் தொடங்கியது. அகதியின் கதை என்றதும், எமது கதைதானே, எமக்குத் தெரியாததா என்ற எண்ணத்தோடுதான் நாம் விளையாடத் தொடங்கினோம். விளையாட்டு எம்மை நூரின் இடத்தில் வைத்திருந்தால் பிழை பிடித்திருப்போம், சரி பிழை சொல்லியிருப்போம், பெருமையும் பட்டிருப்போம். அது எம்மை மஜ்த்தின் கதிரையில் இருத்திவிட்டது. நாம் வாழ்நாளில் இருந்திராத கதிரை அது. எமது அம்மாமாரும் மனைவிமாரும் வருடக்கணக்கில் இருந்த கதிரை. செய்தி வராத நேரத்தில் அந்தக் கதிரையில் இருப்பவருக்குச் செய்ய ஒன்றும் இல்லை. போனைப் பார்ப்பதும் வைப்பதும்தான். அதைத்தான் நாம் 'மிக மெதுவானது' என்று எழுதினோம்.

விளையாட்டின் குறையென்று நாம் எழுதியது உண்மையில் அது சொல்லவந்த பொருள். காத்திருப்பு வேகமாக இருக்க முடியாது.

ஒரு விளையாட்டை விமர்சிப்பது நாவலையோ படத்தையோ விமர்சிப்பதிலிருந்து எங்கே வேறுபடுகிறது என்பதையும் இங்கே பார்க்கலாம். எமது விமர்சன மரபு சின்ன மரபல்ல. அறுபதுகளில் கைலாசபதியும் அவரோடு நின்றவர்களும், ஒரு படைப்பு யாருடைய வாழ்வைச் சொல்கிறது, யாருக்குப் பயன்படுகிறது என்று கேட்டார்கள். எஸ்.பொ.வும் தளையசிங்கமும் வேறு வேறு பக்கங்களில் நின்று அவர்களை மறுத்தார்கள். அந்தச் சண்டை ஓய்ந்துவிட்டதாகச் சொல்லவும் முடியாது. ஆனால் இரு பக்கத்தாருமே வாசகனை வெளியில் நிற்பவனாகத்தான் கண்டார்கள். நாவலில் ஒருத்தி படகில் ஏறினால், ஏற்றியது ஆசிரியர். வாசகன் சாட்சி மட்டும். விளையாட்டில் ஏற்றியது எமது விரல். சாட்சியாக இருந்தவன் பங்காளியாகிறான்.

ஆகவே ஒரு விளையாட்டைப் பற்றி முதலில் கேட்கவேண்டிய கேள்வி, அது எம்மை யாருடைய கதிரையில் இருத்துகிறது என்பது. இரண்டாவது, அந்தக் கதிரையில் எமது கையை என்ன செய்ய வைக்கிறது என்பது. மூன்றாவது, அந்த மேசையில் யாருக்குக் கதிரையே போடவில்லை என்பது. படம் வடிவு, சத்தம் நல்லது, கொடுத்த காசுக்குப் பெறுமதி என்பதெல்லாம் இவற்றுக்குப் பிறகுதான். நட்சத்திரமோ, கதிரை வசதியாக இருந்ததா என்ற ஒன்றுக்கு மட்டுமே பதில் சொல்கிறது.

காண்ட் 1790 இல் வெளியிட்ட நூலில் செய்த ஒரு பாகுபாடு இரண்டாம் வருட விரிவுரையில் கேட்டது, இன்னும் மறக்கவில்லை. ஒன்று எனக்கு இனிக்கிறது என்பது வேறு, அது அழகியது என்பது வேறு. முதலாவதைச் சொல்பவர் தன்னைப் பற்றி மட்டும் சொல்கிறார். மற்றவர் உடன்படத் தேவையில்லை. இரண்டாவதைச் சொல்பவர் எல்லோருடைய உடன்பாட்டையும் கேட்கிறார். அவர் தரும் உதாரணமும் சாப்பாட்டு மேசையிலிருந்துதான் வருகிறது: கனேரித் தீவு வைன். நட்சத்திரம் இந்த இரண்டையும் ஒரே பாத்திரத்தில் கொட்டிக் கலக்கிவிடுகிறது. 'எனக்குச் சுணங்கியது' என்று ஒரு மனிதர் தன்னைப் பற்றிச் சொன்னது, நட்சத்திரமாகிக் குசினிக்குள் வரும்போது 'இது கூடாதது' என்ற தீர்ப்பாகிவிடுகிறது. அந்தத் தீர்ப்பு முதலாளியின் தலையில் விழவில்லை. மெசின் திருத்தாதவர் அவர். விழுந்தது கையால் கழுவியவரின் தலையில்.

*

கதிரை என்று சொன்னோம். இன்னொரு கதிரையைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

'பேப்பர்ஸ், பிளீஸ்' என்ற விளையாட்டை லூக்காஸ் போப் என்ற அமெரிக்கர் 2013 இல் கணினிக்கு வெளியிட்டார். 2014 இல் ஐபாட்டுக்கும் 2022 இல் கைத்தொலைபேசிகளுக்கும் வந்தது. காலம் 1982. ஆர்ஸ்ரொட்ஸ்கா என்ற கற்பனை நாடு. நாம் அதன் எல்லைச் சாவடியில் கடவுச்சீட்டுப் பார்க்கும் அதிகாரி. வரிசையில் வருபவரின் பத்திரங்களைச் சரிபார்த்து உள்ளே விடு, திருப்பி அனுப்பு என்று முத்திரை குத்த வேண்டும். எத்தனை பேரைப் பார்த்து முடித்தோமோ அத்தனைக்குச் சம்பளம். நாளொன்றுக்கு இரண்டு பிழைகளுக்கு எச்சரிக்கை மட்டும். அதற்கு மேல் தண்டப்பணம். இரவானால் வீட்டுக் கணக்கு: வாடகை, சாப்பாடு, குளிருக்குச் சூடு, பிள்ளைக்கு வருத்தமென்றால் மருந்து. காசு காணாவிட்டால் எதை விடுவதென்று நாமே தீர்மானிக்க வேண்டும்.

ஒரு நாள் ஒரு கணவன் வருகிறான். பத்திரங்கள் சரி. பின்னால் மனைவி வருகிறாள், அவளோடு இரக்கமாக நடவுங்கள் என்று சொல்லிவிட்டுப் போகிறான். அவளிடம் நுழைவு அனுமதி இல்லை.

முதல் தடவை அவளை நாம் விட்டோம். இரண்டாம் முறை விளையாடியபோது அன்றைய பிழைக் கணக்கு ஏற்கனவே இரண்டாகியிருந்தது. திருப்பி அனுப்பினோம். அதற்குப் பிறகு எமது கை பழகிவிட்டது. முகத்தைப் பார்ப்பதை விட்டோம். திகதியைப் பார்த்தோம், முத்திரையைப் பார்த்தோம், மேலே மணிக்கூட்டைப் பார்த்தோம். இளைஞன்தான் சொன்னான்: "இப்ப நாங்கள் அந்தாளைப் போலை இருக்கிறம்."

அந்தாள் யாரென்று எமக்குத் தெரியும். எங்களில் ஒருவரின் அகதி விண்ணப்பத்தை விசாரித்தவர். இரண்டு மணித்தியால விசாரணையில் பலமுறை மணிக்கூட்டைப் பார்த்தவர். இரண்டாம் தடவை பிடிபட்ட திகதியும் கடிதத்தில் இருந்த திகதியும் பொருந்தவில்லை என்ற காரணம் காட்டி வந்த நிராகரிப்பு இன்னும் ஒரு பைலுக்குள் இருக்கிறது. அவரைக் கல் என்று சொல்வோம். அவரும் மனிதர்தானே, பாவம் என்று கசிந்துருகச் சொல்லி இந்த விளையாட்டு எம்மிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதற்கும் ஒரு நட்சத்திரம்தான் இட்டிருப்போம். ஒரு கல் எப்படிச் செய்யப்படுகிறது என்பதை அது காட்டியது. தலைக்கு இவ்வளவு என்ற எண்ணிக்கை, இரண்டு பிழை என்ற வரம்பு, இரவில் வாடகை. இவ்வளவும் போதும். கொடியவன் ஒருவனைத் தேடிப் பிடிக்கத் தேவையில்லை.

முதலாளி நட்சத்திரத்தை வாசித்த அந்தக் காலை நாம் ஏன் வாய் திறக்கவில்லை? வாடகை. சாப்பாடு. குளிருக்குச் சூடு. மாலிக்காரருக்காகப் பேசினால் எமது நாட்களும் குறையும் என்ற கணக்கு. அந்தக் கதிரையில் நாம் விளையாடுவதற்கு முன்பே இருந்துவிட்டோம்.

*

நட்சத்திரம் இடுபவர்கள் நாம் மட்டுமல்ல. எமக்கு முன்னால் ஒரு விமர்சகர் இருக்கிறார். அவர் வாசற்படியில் நிற்கிறார். கைத்தொலைபேசிக்கு ஒரு விளையாட்டு வருவதென்றால் கடைக்காரர் அனுமதிக்க வேண்டும். அப்பிள் நிறுவனம் 2010 இல் வெளியிட்ட விதிகளில், புத்தகத்தையும் பாட்டையும் வேறாகவும் செயலிகளை வேறாகவும் பார்ப்பதாகச் சொன்னது. ஒரு மதத்தை விமர்சிக்க விரும்புபவர் புத்தகம் எழுதட்டும் என்பது அதன் நிலைப்பாடு. விளையாட்டு கனமான பொருளைத் தாங்காது என்ற தீர்ப்பு அந்த விதிக்குள் ஏற்கனவே இருக்கிறது.

2011 இல் 'ஸ்மகிள் ட்றக்' என்றொரு விளையாட்டு. எல்லை தாண்டும் ஆட்களை ட்றக்கின் பின்னால் ஏற்றிக்கொண்டு மேடு பள்ளத்தில் ஓட்ட வேண்டும். ஆட்கள் கீழே விழாமல் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அமெரிக்காவுக்குச் சட்டப்படி குடிபெயர்வதில் ஒரு நண்பர் பட்ட சிரமத்தைப் பார்த்த எரிச்சலில் செய்ததாகச் செய்தவர்கள் சொன்னார்கள். அப்பிள் மறுத்தது. அவர்கள் ஆட்களை எடுத்துவிட்டுப் பொம்மை மிருகங்களை ஏற்றி, பெயரையும் 'ஸ்னகிள் ட்றக்' என்று மாற்றினார்கள். அப்பிள் ஏற்றுக்கொண்டது. ட்றக் அதே ட்றக், பள்ளம் அதே பள்ளம்.

அதே வருடம் செப்டெம்பரில் 'போன் ஸ்ரோறி'. மொல்லேஇண்டஸ்ற்றியா என்ற பெயரில் பாவுலோ பெதெர்சினி செய்தது. நாம் கையில் வைத்திருக்கும் போன் எப்படி வந்தது என்பதே விளையாட்டு. கொங்கோவின் சுரங்கத்தில் சிறுவர்களைத் துப்பாக்கி காட்டி வேலைவாங்க வேண்டும். தொழிற்சாலைக் கட்டடத்திலிருந்து குதிக்கும் தொழிலாளரை வலையில் ஏந்த வேண்டும். ஒருசில நாட்களுக்குள் அப்பிள் அதைக் கடையிலிருந்து எடுத்துவிட்டது. இந்த இரண்டிலும் எமக்கு முழு உடன்பாடு இல்லை. மனிதர் ட்றக்கிலிருந்து தெறித்து விழுவதைப் பார்த்துச் சிரிக்க வைப்பது எமக்கு ஒவ்வாது. அப்படி விழுந்தவர்களை எமக்குத் தெரியும். ஆனால் மனிதர் விழுந்தால் குற்றம், பொம்மை விழுந்தால் சரி என்ற தீர்ப்பில் மனிதர்மேல் உள்ள அக்கறை எங்கே இருக்கிறது? எமது முகத்தை எடுத்துவிட்டால் எல்லாம் சுமுகம் என்பதுதானே அது சொல்வது.

கடையில் தடையின்றிக் கிடப்பவற்றையும் பார்க்க வேண்டும். அண்ணை மெற்றோவில் 'கண்டி க்றஷ்' விளையாடுபவர். 2012 இல் கைத்தொலைபேசிக்கு வந்தது. ஐந்து உயிர். தோற்றால் ஓர் உயிர் போகும். அது திரும்ப வர முப்பது நிமிடம் காத்திருக்க வேண்டும். காத்திருக்க மனமில்லாதவர் காசு கட்டலாம். இங்கேயும் காத்திருப்புத்தான் சரக்கு. நூருக்காகக் காத்திருந்ததற்கு ஒரு நட்சத்திரம் இட்ட அண்ணை, இனிப்புக்கட்டி உயிருக்காக வருடக்கணக்கில் முறைப்பாடின்றிக் காத்திருக்கிறார். இதைச் சொன்னபோது அவர் சிரித்தார். "அது தலையைக் கழட்டி வைக்கிறதுக்கு" என்றார். பன்னிரண்டு மணித்தியாலம் நின்று வேலை செய்தவர் தலையைக் கழற்றி வைக்க விரும்புவதை இழிவாகப் பேச நாம் யார்? அதையும் விமர்சனம் மறக்கக்கூடாது.

*

அண்ணையின் முதல் கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. எமது துன்பத்தை வைத்து விளையாட்டுச் செய்ய இவர்களுக்கு என்ன உரிமை? அதைத் தீர்ப்பிட எம்மைவிட யாருக்கு உரிமை?

'திஸ் வோர் ஒஃப் மைன்' என்ற விளையாட்டை வோர்சோவில் உள்ள '11 பிற்' நிறுவனம் 2014 இல் வெளியிட்டது. அடுத்த வருடம் கைத்தொலைபேசிகளுக்கும் வந்தது. 1992 முதல் 1996 வரை நீடித்த சரயேவோ முற்றுகை அதற்கு முன்மாதிரி. போர் விளையாட்டுகளில் பெரும்பாலானவை துப்பாக்கி பிடித்தவனின் கதிரையில் எம்மை இருத்துபவை. இதில் நாம் முற்றுகைக்குள் அகப்பட்ட சனம். சாப்பாடும் மருந்தும் தேடி இரவில் வெளியே போக வேண்டும். ஒரு வீட்டில் வயோதிபத் தம்பதி தனியே இருக்கிறார்கள். அவர்களிடம் சாப்பாடு இருக்கிறது, மருந்து இருக்கிறது. எடுத்தால் அவர்களால் தடுக்க முடியாது. எங்களில் ஒருவர் அந்த வீட்டு வாசலோடு திரும்பினார். ஒருவர் உள்ளே போய் எடுத்தார். யார் எடுத்தது என்பதை இங்கே சொல்லப்போவதில்லை. 2020 இல் போலந்து அரசாங்கம் இந்த விளையாட்டைப் பாடசாலை மாணவருக்கான வாசிப்புப் பட்டியலில் சேர்ப்பதாக அறிவித்தது. போரைக் கண்ட நாடு அது. போரை விளையாட்டாக்குவது பாவம் என்று அங்கே யாரும் சொல்லியிருக்கலாம். என்றாலும், வாசலில் நின்று யோசிக்க வைக்கும் விளையாட்டு நாவலின் பக்கத்தில் வைக்கத் தக்கது என்ற முடிவுக்கு வந்தார்கள்.

மறுபக்கத்தில் றொஜர் ஈபேர்ட். அமெரிக்காவின் பேர்பெற்ற திரைப்பட விமர்சகர். வீடியோ கேம் ஒருபோதும் கலையாக முடியாது என்று 2010 ஏப்ரலில் எழுதினார். சில மாதம் கழித்து, விளையாடிப் பார்க்காமல் அதைச் சொல்லியிருக்கக் கூடாது என்று ஒப்புக்கொண்டார். அந்த ஒப்புதலை நாம் மதிக்கிறோம். தெரியாதவருக்குத் தீர்ப்பிட உரிமை குறைவு என்பதை அவரே சொல்லிவிட்டார்.

அப்படியென்றால் பட்டவருக்கு முழு உரிமையா? இல்லை என்றே இப்போது நினைக்கிறோம். பட்டவருக்குச் சாட்சி சொல்லும் உரிமை உண்டு. படகு இப்படி இராது, ஏஜென்ற் இப்படிப் பேச மாட்டான், எல்லைப் பொலிஸ் இப்படிக் கேட்காது என்று நாம் சொன்னால் அதைக் கேட்கவேண்டிய கடமை விளையாட்டைச் செய்தவருக்கும் விமர்சகருக்கும் உண்டு. ஆனால் காயம் தராசு அல்ல. நடுவுநிலைமை பற்றிய அதிகாரத்தில் வள்ளுவர் காட்டும் துலாக்கோல் முதலில் தான் சமனாக நிற்கவேண்டும். எமது தட்டில் ஏற்கனவே பாரம் ஏறியிருக்கிறது. நூர் செத்தது எமக்கு நொந்தது. அந்த நோவை விளையாட்டின் தரமாக மாற்றி எழுதிவிட்டோம். பசியில் வந்த வாடிக்கையாளரும் தன் பசியை எமது குசினியின் தரமாக மாற்றி எழுதினார். இரண்டும் ஒரே பிழை. அவர் குசினிக்குள் வந்து பார்க்கவில்லை. நாம் எமக்குள் பார்க்கவில்லை.

அண்ணை சொன்ன கண்ணீரும் வோட்டும் பற்றிய ஐயம் எம்மிடம் இன்னும் இருக்கிறது. ஒரு மணித்தியாலம் மஜ்த்தாக இருந்தவர் அடுத்த நாள் எமது மெற்றோப் பெட்டியில் எமக்குப் பக்கத்தில் இருக்கத் தயங்கக்கூடும். கதிரை மாறி இருந்தால் மனம் மாறிவிடும் என்று எந்த விளையாட்டும் உறுதிதர முடியாது. நாமே சாட்சி: அதிகாரியின் கதிரையில் இருந்து பார்த்த பிறகும் மாலிக்காரரைப் பற்றிப் பேச எமக்குப் பல கிழமை எடுத்தது. விளையாட்டு எம்மைத் திருத்தவில்லை. நாம் எங்கே இருக்கிறோம் என்பதைக் காட்டியது. மிச்சம் எமது வேலை.

*

போன மாதம் நாம் அந்த ஒரு நட்சத்திரத்தை அழித்தோம். அதற்குப் பதிலாகச் சில வசனங்கள் எழுதினோம். இளைஞன் அம்மாவிடம் கேட்டுவிட்டு வந்த பிறகு எழுதியவை அவை. அந்த நாலு நாளும் அவ போனைச் சாமியறையில் வைத்துவிட்டுப் பக்கத்தில் பாய் போட்டுப் படுத்தவவாம். சார்ஜ் இறங்கிவிடும் என்ற பயத்தில் ஒருவரோடும் பேசவில்லையாம். 'இந்த விளையாட்டு மெதுவானது. காத்திருப்பவருக்கு நேரம் இப்படித்தான் போகும். நாங்கள் காக்கவைத்தவர்கள், அதை இப்போதுதான் அறிந்தோம்' என்று எழுதினோம். அனுப்ப முயன்றபோது போகவில்லை. நட்சத்திரம் இடாமல் எழுத்தை மட்டும் அந்தப் பெட்டி ஏற்காது. எத்தனை இடுவதென்று மூவரும் யோசித்தோம். அம்மாவின் நாலு நாளுக்கு எத்தனை நட்சத்திரம்? விட்டுவிட்டோம். ஆகையால் அந்த வசனங்கள் இங்கே வருகின்றன.

போன திங்கட்கிழமை மூவருமாகப் போய் முதலாளியிடம் மெசின் கதையைச் சொன்னோம். பதினைந்து நாள் முன்பே அந்த மனிதர் சொன்னவர் என்றும், அன்றிரவு சுணங்கியது அவரால் அல்ல என்றும் சொன்னோம். முதலாளி கேட்டுக்கொண்டிருந்தார். பதில் சொல்லவில்லை. எமது நாட்கள் குறையவில்லை, இதுவரை. மெசின் இப்போது நன்றாக வேலை செய்கிறது. மாலிக்காரருக்கு இன்னும் நாலு நாள்தான்.